எறக்கி விடுங்க

தலையில் சுமையோடு யாராவது நின்றால் அவனால் சும்மா இருக்க முடியாது. அது ஒரு வியாதி என்றுதான் நான் சொல்வேன். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் என் கடைக்கு எதிரே குந்தி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பான். கூடையோடு வந்த அம்மா ஒருத்தி கழுத்தைத் திருப்ப முடியாமல் கண்ணை மட்டும் உருட்டி அக்கம்பக்கம் ஆள் தேடினால் போதும், கிளாஸை அப்படியே தரையில் வைத்துவிட்டு ஓடுவான். திரும்பி வருவதற்குள் யாராவது அதைக் காலால் தட்டிவிட்டிருப்பார்கள். அவன் முழு டீ குடித்து நான் பார்த்த நாட்கள் குறைவு.

"ஏண்டா, இந்த மார்க்கெட்டுல உன்னைய விட்டா ஆளே இல்லையா?" என்று கத்துவேன்.

"ஏத்தி விட ஆளு வந்துருவாண்ணே. எறக்கி விடத்தான் ஒருத்தனும் வர மாட்டான். தலையில இருக்கதைத் தானா எறக்க முடியுமா, நீங்களே சொல்லுங்க."

எங்கள் மார்க்கெட்டில் லோடுமேனாக இருந்தான். சொந்த ஊர் எழுமலைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். பெயரை நான் சொல்லப் போவதில்லை. ஒருமுறை அடங்கிய பேச்சு என் வாயால் மறுபடியும் கிளம்ப வேண்டாம்.

இறக்குவது வேறு, போடுவது வேறு என்பான். அதில் மட்டும் அவனுக்குக் கோபம் வரும். புதிதாக வேலைக்கு வந்தவன் எவனாவது மல்லிகை மூட்டையைத் தொப்பென்று தரையில் விட்டால், "எறக்கச் சொன்னா போடுறான் பாரு, எருமை!" என்று அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் வரும். அவன் இறக்கினால் தரைக்கே தெரியாது. முழங்காலை மடித்து, மூச்சைப் பிடித்து, தூங்குகிற பிள்ளையைக் கிடத்துவது போல வைப்பான்.

ஒருநாள் பஸ் ஸ்டாண்டுக்குள், சென்னை பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒருவன் பெரிய சூட்கேஸோடு படியில் திணறிக்கொண்டிருந்தான். நம்ம ஆள் கேட்காமல் கொள்ளாமல் போய் அதை வாங்கித் தலையில் வைத்துவிட்டான். சூட்கேஸ்காரன் இவனைத் திருடன் என்று நினைத்துக் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டான். பக்கத்தில் நின்ற எனக்கே காது அடைத்தது. நம்ம ஆள் அசையவில்லை. தலையிலிருந்த சூட்கேஸை நிதானமாக, மெதுவாக, நாலு சக்கரமும் தரையில் படும்படி வைத்தான். அதற்குப் பிறகுதான் கன்னத்தைத் தடவினான். "உள்ள கண்ணாடிச் சாமான் ஏதும் இருக்கா தம்பி? ஒன்னும் ஒடைஞ்சிருக்காது" என்றான். அடித்தவன் அழுதே விட்டான்.

என் மனைவிக்கு முதுகுத்தண்டில் பிடித்துக்கொண்டு எழ முடியாமல் போனபோதும் அவன்தான் வந்தான். எங்கள் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஆம்புலன்ஸ்காரர்களின் ஸ்ட்ரெச்சர் படிக்கட்டு வளைவில் திரும்ப மாட்டேன் என்றது. பிளாஸ்டிக் நாற்காலியில் அவளை உட்கார வைத்து, பின்பக்கம் அவனும் முன்பக்கம் இன்னொருவனுமாகத் தூக்கி இறக்கினார்கள். "இன்னும் ரெண்டே படிதான் மதினி, கண்ணை மூடிக்கங்க" என்று முதல் படியிலிருந்து கடைசிப் படி வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டு வந்தான். அம்புட்டும் பொய். ஆனால் அவள் ஒரு தடவைகூட அலறவில்லை. இன்றைக்கும் எங்கள் வீட்டில் எதற்காவது பொறுமை வேண்டியிருந்தால் 'இன்னும் ரெண்டே படிதான்' என்போம்.

இப்படிப்பட்டவனுக்கு நான் என்ன செய்தேன் என்பதைத்தான் சொல்ல வேண்டும். நெஞ்சில் கிடந்து உறுத்துகிறது.

ஒரு பங்குனியில் அவன் கழுத்தில் சுளுக்கு. தைலம், ஒத்தடம் எதற்கும் கேட்கவில்லை. அதே வாரம் அவன் ஊரில் குலதெய்வம் கும்பிடு. கருப்பசாமிக்கு மாலை என் உபயம், என் லோடு ஆட்டோவில் நாங்கள் இரண்டு பேரும் போவதாகப் பேச்சு. கும்பிடு அன்று காலையில் மாலைகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது, மலையிலிருந்து எங்கள் கடைக்குப் பூ கொண்டுவருகிற வேன் டிரைவர் வந்தான். அவன் வாய் சும்மா இருக்காது.

"கழுத்து வலியா? என்கிட்ட ஸ்டாம்பு இருக்கு. மேல லாட்ஜுக்கு வந்தவங்க குடுத்துட்டுப் போனது. நாக்குல வையி, வலியாவது மண்ணாவது."

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினான். இரண்டு துண்டுக் காகிதம், ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகத்தளவு. ஒவ்வொன்றிலும் வண்ணத்தில் ஒரு பிள்ளையார். எவன் அச்சடித்தானோ, அவன் கை விளங்காமல் போக! நம்ம ஆள் பிள்ளையாரைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றினான். ஒன்றை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு, திருநீற்றை வாயில் போடுவது போல நாக்கில் போட்டுக்கொண்டான். இன்னொன்றை வேட்டி மடிப்பில் முடிந்துகொண்டான்.

நான் என்ன செய்தேன்? சிரித்தேன். "இம்புட்டுக் காகிதம் உன் கழுத்தை என்னடா பண்ணும்?" என்று கேலி பண்ணினேன். போதைச் சாமான் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. கஞ்சா மாதிரி ஏதோ, கொஞ்ச நேரம் கிறுகிறுக்கும், போய்விடும் என்று நினைத்தேன்.

உசிலம்பட்டி வரைக்கும் ஒன்றுமே நடக்கவில்லை. டீக்கடையில் நிறுத்தியபோது அவன் கழுத்தை ஆட்டிப் பார்த்தான். "ஏறவே இல்லையேண்ணே. அந்த டிரைவர் நம்மள ஏமாத்திப்புட்டான்" என்று சொல்லி, நான் காசு கொடுத்துத் திரும்புவதற்குள் இரண்டாவதையும் வாயில் போட்டுக்கொண்டான். அது மெதுவாக ஏறும், ஏறவில்லை என்று நினைத்து மேலே போட்டுக்கொண்டால் இரண்டும் சேர்ந்து ஆளை அடிக்கும் என்பதெல்லாம் எங்களுக்கு யார் சொன்னார்கள்?

ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். பொட்டலில் கருப்பசாமி கோயில், அதற்கு முன்னால் இரண்டு ஆள் உயரத்தில் சிமெண்டுக் குதிரை. பொங்கல் பானைகள் பொங்கிக்கொண்டிருந்தன. முந்தின நாளே ஊருக்கு வந்திருந்த அவன் மனைவி ஓடிவந்து மாலைகளை வாங்கினாள். அவன் ஆட்டோவிலிருந்து இறங்காமல் வேப்பமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மரம் மூச்சு விடுதுண்ணே."

"எறங்குடா, விளையாடாத."

கண்ணைப் பார்த்தேன். கருவிழி முழுக்க விரிந்து கிடந்தது.  அந்த நேரம் பார்த்து உறுமி மேளம் முழங்கியது. அவன் உடம்பு வெடவெடவென்று நடுங்க ஆரம்பித்தது. சட்டையைக் கிழித்துக்கொண்டு பொட்டலுக்குள் ஓடினான்.

ஒரு பெண் குலவையிட்டாள். "சாமி வந்துருச்சு!"

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கோயிலில் சாமியாடுவது எப்போதும் வேறு பங்காளி வகையறா. இவன் குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் கும்பிட்டுக்கொண்டு ஓரமாக நின்ற குடும்பம். காடு கரை இல்லாமல் அடுத்தவர் வயலில் வேலை செய்தவர்கள் என்று அதிலும் ஓர் ஏற்ற இறக்கம். அப்படிப்பட்ட வீட்டில் சாமி இறங்கிவிட்டது என்றதும் அவன் பெரியப்பா, அதுவரை இவனை 'டேய் மூட்டை' என்று மட்டுமே கூப்பிட்ட மனிதர், அந்தச் சுடுமணலில் நெடுஞ்சாண் கிடையாக விழுந்தார். அவர் விழுந்ததும் ஊரே விழுந்தது.

"எரியுது, எரியுது" என்று அவன் கத்தினான். சாமிக்குக் கோபம் என்று மஞ்சள் தண்ணீரை ஊற்றினார்கள். உறுமிக்காரர் அவன் காதுக்குப் பக்கத்தில் வந்து அடித்தார். அவன் காதைப் பொத்திக்கொண்டு, கூட்டத்துக்குள் என் முகத்தைத் தேடிப் பிடித்து, "எறக்கி விடுங்கண்ணே! எறக்கி விடுங்க!" என்றான்.

பெரியப்பாவுக்குப் புல்லரித்துவிட்டது. "கேட்டீகளா? அருவாள எறக்கச் சொல்லுது சாமி!" என்றார். அவர்கள் வீட்டு உத்திரத்தில், முப்பாட்டன் காலத்துச் சாமி அரிவாள் ஒன்று மஞ்சள் துணி சுற்றித் தொங்கிக்கொண்டிருந்ததாம். அதை இறக்கக்கூட இவர்களுக்கு உரிமை இல்லாமல் இருந்ததாம். இரண்டு பேர் ஓடிப்போய் அதைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தார்கள்.

அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டாமா? 'இது சாமி இல்லய்யா, இவன் எதையோ தின்னுட்டான், தூக்குங்க ஆஸ்பத்திரிக்கு' என்று ஒரு வார்த்தை. வாய் வரவில்லை. என் வேன், என் டிரைவர், போலீஸ் வந்தால் என் கடை என்று மனசு கணக்குப் போட்டது. ஊர் முழுக்கக் காலில் விழுந்து கிடக்கிறதே, அதை எப்படிக் கெடுப்பது என்றும் ஒரு சாக்கு. உண்மையைச் சொன்னால், ஒரு நொடி நானும் கைகூப்பினேன். பிள்ளையார் படம் போட்ட காகிதத்தை என் கண்ணால் பார்த்த நானே கைகூப்பினேன்.

கூட்டம் அவனை நோக்கி வர வர அவன் பின்வாங்கிக்கொண்டே போனான். பின்னால் குதிரை. எங்கே கால் வைத்தான், எப்படி ஏறினான் என்று தெரியவில்லை, குதிரையின் முதுகில் நின்றான். "சாமி குதிரையேறிருச்சு!" என்று இன்னொரு குலவை. மேலே நின்றுகொண்டு அவன் அழுதான். கண்ணீர் மார்பில் வழிந்தது. "எறக்கி விடுங்க… யாராச்சும் எறக்கி விடுங்க…" கீழே அத்தனை பேரும் கைகூப்பி நின்றார்கள்.

ஒருவரும் இறக்கவில்லை. அவனே குதித்தான். அரிவாள் ஒரு பக்கம் போய் விழுந்தது, நல்ல வேளையாக யார் மேலும் படவில்லை. இவன் பானைக்கு அணை கொடுத்திருந்த கல்லின் மேல் விழுந்தான். வலது தொடை எலும்பு முறிந்த சத்தம் உறுமியையும் மீறிக் கேட்டது.

மதுரை ஆஸ்பத்திரியில் டூட்டி டாக்டரம்மா அவன் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "என்ன சாப்பிட்டார்?" என்று கேட்டார்.

"ஒன்னுமே சாப்பிடலைங்க, விரதம். சாமி வந்துச்சு" என்றார் பெரியப்பா.

நான் டாக்டரம்மாவை வராந்தாவுக்குக் கூப்பிட்டுப்போய்ச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "அந்தக் காகிதத்துல என்ன தடவியிருந்துச்சுன்னு வித்தவனுக்கே தெரியாது. முன்னாடியே சொல்லியிருந்தா சத்தமில்லாத ரூம்ல வச்சு, தண்ணி குடுத்து, தெரிஞ்சவங்க ஒருத்தர் கையைப் பிடிச்சுக்கிட்டு உடனே இங்க கூட்டிட்டு வந்திருக்கலாம். நீங்க வெயில்ல நிக்க வச்சு மேளம் அடிச்சிருக்கீங்க" என்றார். தெரிந்தவர் ஒருத்தர் என்றால் அங்கே நான்தான் இருந்தேன்.

காலில் கம்பி வைத்தார்கள். அதற்கப்புறம் அவன் மூட்டை தூக்கவில்லை. எலும்பு கூடி, ஊன்றுகோலோடு நடக்கவும் ஆரம்பித்தான். மனசு கூடுவதற்குத்தான் நாளாயிற்று. தரையில் பதித்த டைல்ஸின் கோலம் ஊர்கிறது என்பான். எங்காவது சாவு மேளம் கேட்டால் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வான். போதை அன்றைக்கே இறங்கிவிட்டது, ஆனால் அது கிளப்பிவிட்ட பயம் சிலருக்கு இப்படித் தங்கிவிடும் என்றார் டாக்டரம்மா. மாத்திரை கொடுத்தார், மாசாமாசம் வரச் சொன்னார். அவன் மனைவியிடமும் விவரத்தைச் சொன்னோம். அவள் கேட்டுவிட்டு, "ஊருக்குத் தெரிய வேணாம்ண்ணே. இப்பத்தான் எங்களையும் மனுசரா மதிக்கிறாக" என்றாள். சரி என்று நானும் விட்டுவிட்டேன். எனக்கும் அது வசதிதானே.

பூவுக்குத் தண்ணீர் தெளிக்க அவனை என் கடையிலேயே வைத்துக்கொண்டேன். ஒருநாள் சம்பங்கிக்குத் தெளித்துக்கொண்டே சொன்னான்.

"அன்னைக்கு நடந்தது அம்புட்டும் ஞாபகம் இருக்குண்ணே. எல்லாரு மூஞ்சியும் மெழுகு கணக்கா உருகி வழிஞ்சுச்சு. என் பொண்டாட்டி மூஞ்சிகூட. உங்க மூஞ்சி மட்டுந்தான் உருகாம அப்படியே இருந்துச்சு. அதான் உங்களையே கூப்புட்டேன்."

குறையாகச் சொல்லவில்லை. மழை வரும் போலிருக்கிறது என்பது மாதிரி சொன்னான். நான் பூ எடுக்கப் போவது போல உள்ளே போய்விட்டேன்.

மறுவருஷம் பங்குனிக்கு ஒரு வாரம் முன்னால் பெரியப்பா ஊரிலிருந்து வந்தார். அன்றைக்கு மதுரையில் அவன் வீட்டில் நானும் இருந்தேன். தாம்பாளத்தில் புதுவேட்டி, துண்டு, சந்தனம், வெற்றிலை பாக்கு. இனிமேல் கோயிலில் இவன்தான் சாமியாடி என்று ஊர்க்கூட்டத்தில் பேசி முடித்துவிட்டார்களாம். அரிவாளைச் சாணை பிடிக்கக் கொடுத்திருக்கிறார்களாம். இரண்டு பேர் தோளுக்கு நடுவே அரிவாளைப் பிடிக்க, சாமி அதன் மேல் ஏறி நிற்க வேண்டுமாம்.

"எனக்குக் கால் இப்படி இருக்கு பெரியப்பா."

"குதிரையில இருந்து குதிச்சவன உசிரோட விட்டிருக்கே, அது சும்மாவா? சாமி தாங்கிக்கும்ப்பா. உறுமிக்கு உசிலம்பட்டியில இருந்து நல்ல ஆளாச் சொல்லியிருக்கோம்."

உறுமி என்ற சொல்லைக் கேட்டதும் அவன் கையிலிருந்த தண்ணீர்ச் சொம்பை மார்போடு இறுக்கிக்கொண்டான். அவன் மனைவி சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அவன் என்னைப் பார்த்தான்.  குதிரை மேல் நின்றுகொண்டு பார்த்த அதே பார்வை.

 இந்தத் தடவை எனக்கு வாய் வந்தது.

"பெரியவரே, கொஞ்சம் உக்காருங்க. அன்னைக்கு வந்தது சாமி இல்ல. ஒரு போதைக் காகிதம். கழுத்து வலிக்கு ஆகும்னு இவன் நாக்குல வச்சுக்கிட்டான். கொண்டு வந்தது என் வேன் டிரைவர். பக்கத்துல நின்னு சிரிச்சவன் நான். இவன் பயந்து செத்துக்கிட்டு இருந்தப்ப, தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு நின்னதும் நான்தான். இவன் தெரிஞ்சு யாரையும் ஏமாத்தல."

 அவர் மெல்லக் கேட்டார்.

"அப்ப அருவாள எறக்கச் சொன்னது?"

"அருவாளைச் சொல்லலைங்க. தன்னையத்தான் எறக்கி விடச் சொன்னான்."

கிழவரின் முகம் ஒடுங்கிப்போனது. "நான் கால்ல விழுந்தேனேடா" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவமானத்தில் சொன்னார். அவர் தலைமுறையில் முதன்முதலாக வந்த கௌரவத்தை நான் பிடுங்கியிருந்தேன். நியாயமாக அந்த ஆத்திரம் என் மேல்தான் வரவேண்டும். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அவனுடைய ஊன்றுகோலைப் பார்த்தார், பிறகு காலைப் பார்த்தார். குனிந்து, கம்பி வைத்த அந்தத் தொடையின் மேல் கையை ஒரு தடவை வைத்தார். தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் படியிறங்கிப் போய்விட்டார்.

அதற்கப்புறம் ஊர் அவனைச் சாமி கும்பிடக் கூப்பிடவில்லை. 'டேய் மூட்டை' என்பது 'டேய் ஸ்டாம்பு' என்று மாறியதாகக் கேள்வி. சில வருஷம் கழித்து மகளைக் கட்டிக்கொடுத்த திருப்பூருக்கே குடும்பத்தோடு போய்விட்டான். நானும் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டேன். அந்த டிரைவர் இவன் கால் ஒடிந்த செய்தி கேட்டதும் ஓடியவன்தான், எங்கே இருக்கிறானோ.

ஆனால் பெரியப்பா படியிறங்கிப் போன அந்த நிமிஷத்தைச் சொல்லி முடிக்க வேண்டும்.  அவன் சொம்பைத் தரையில் வைத்தான், சத்தமே வராமல், முன்பு மூட்டையை வைப்பானே, அப்படி. இரண்டு கையாலும் தன் பிடரியைத் தடவிவிட்டுக்கொண்டான். அவன் மனைவி மூலையில் அழுதுகொண்டிருந்தாள்.

"கோபமாடா?" என்று கேட்டேன்.

"இல்லண்ணே" என்றான். என் கையைப் பிடித்தான்.

"எறக்கி விட்டுட்டீக. எங்க போட்ருவீகளோன்னு பயந்துக்கிட்டே இருந்தேன்."